பூ இல்லாத கொடி

முன்னணிக் காவல் நிலை
(இடத்தின் பெயரை எழுத அனுமதி இல்லை)
8 செப்டம்பர்

அன்புள்ள நீலாவதிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் கார்முகிலும் காய்ச்சல், சளி இல்லாமல் இருக்கிறீர்களா? உன் முதுகுவலித் தைலம் இந்நேரம் தீர்ந்திருக்கும். இன்னொரு புட்டி வாங்கிக்கொள்.

மேலே ஏறி வந்து பதினொரு நாள் ஆகிறது. ஒன்பது பேர் இருக்கிறோம். கைபேசிகளைக் கீழ் முகாமிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மார்ச் கடைசியில் நாங்கள் இறங்கும்வரை பேச முடியாது. ஹெலிகாப்டர் வரும் நாளில் கடிதம் மட்டும் போகும், வரும்.

கிளம்பும்போது கார்முகில் என் பையில் வைத்த நோட்டை இங்கேதான் பிரித்தேன். 'எனக்குப் பிடித்த உணவு' என்று காளான் வரைந்திருக்கிறாள். பிளாஸ்டிக் டப்பாவில், விலைச்சீட்டோடு. காளான் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு 'ஃப்ரிட்ஜில்' என்று எழுதி, டீச்சரும் சரி போட்டிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் வயதில் எந்தப் புற்றில் எந்த மழைக்கு என்ன முளைக்கும் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கு ஒன்றுமே நான் காட்டவில்லை.

அதனால் ஒவ்வொரு கடிதத்திலும் அவளுக்கு ஒரு வேலை எழுதப்போகிறேன். மழைக்காலம் முடிவதற்குள் பறிப்பது, சமைப்பது, கையால் செய்வது எல்லாம் அவள் பழக வேண்டும். அடுத்த வீட்டு நிலவனையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு வயது மூத்தவன், அவன் அப்பன் மாணிக்கவேலைப் போலவே கண் கூர்மை.

முதல் வேலை காளான். இடியோடு மழை பெய்த மறுநாள் காலை, செராமிக் ஷெட்டுகளின் பின்சுவரைத் தாண்டி மணிமுத்தாற்றுக்குப் போகும் பாதையில் கறையான் புற்றுகளைப் பார்க்க வேண்டும். குடை விரியாததாக எடுக்க வேண்டும். சமைக்கும் முன் ஒவ்வொன்றையும் மாணிக்கவேலிடம் காட்ட வேண்டும். அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காளானில் விளையாடக் கூடாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
திருமால்


விருத்தாசலம்
27 செப்டம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

நீலாவதியின் வணக்கம். இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். அங்கே குளிர் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது. காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்ததிலிருந்து தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் இரண்டும் நின்றன. போன வியாழன் இடித்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. நானும் கூடப் போனேன். நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான், எனக்குக் கடையில் கட்டி வைத்த கீரையைத் தவிர ஒரு செடியும் தெரியாது. சேற்றில் செருப்பு அறுந்தது. ஏழு காளான் கிடைத்தது.

மாணிக்கவேல் அண்ணன் சூளை வாசலில் குத்துக்காலிட்டு ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார். நாலை எடுத்துத் தூர எறிந்தார். நிலவன் ஏன் என்று கேட்டான்.

“இத தின்னா நேரா மேல போயிடலாம், டிக்கெட்டே வேணாம்” என்றார்.

“ஜன்னல் சீட்டு குடுப்பாங்களாப்பா?” என்று அவன் கேட்க, அவன் அம்மா காசி அக்கா கரண்டியோடு ஓடி வந்து அப்பன், மகன் இரண்டு பேர் வாயிலும் ஒவ்வொன்று வைத்தார்.

மீதி மூன்று காளானை மிளகு போட்டு வதக்கி ஐந்து பேர் தின்றோம். ஆளுக்கு ஒரு வாய்தான். கார்முகில் தட்டை நக்கினாள்.

இன்னொன்றும் செய்தார்கள். அண்ணன் கொடுத்த களிமண்ணைத் தட்டி, பூவரசு இலையை அதன்மேல் அழுத்தி, சூளையின் ஓரத்தில் வைத்துச் சுட்டார்கள். இலை எரிந்துபோய் நரம்பெல்லாம் மண்ணில் பதிந்திருக்கிறது. நிலவன் அதைத் தன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் ஒரு நாள் முழுவதும் யாரையும் தொடவிடவில்லையாம்.

கார்முகில் கைபேசியைக் கேட்டு எட்டு நாள் ஆகிறது. அடுத்த வேலை என்ன என்று கேட்கிறாள். தீபத்துக்கு விளக்கு ஆர்டர் வந்துவிட்டது, இனி ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஷெட்டில் வேலை இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
நீலாவதி


காவல் நிலை
12 அக்டோபர்

அன்புள்ள நீலாவதி, கார்முகில், நிலவன் மூவருக்கும்,

சுகம். நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். உங்கள் காளான் கதையை இங்கே எட்டுப் பேருக்கும் இந்தியில் சொன்னேன். ஜன்னல் சீட்டை மொழிபெயர்க்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். ஒரு வாரமாக எல்லோரும் என்னிடம் ஜன்னல் சீட்டு கேட்கிறார்கள்.

இரண்டாவது வேலை கிழங்கு. மணவாளநல்லூர் போகும் வழியில் வாய்க்கால் மதகைத் தாண்டி இடப்பக்கம் ஒரு கள்ளி வேலி இருக்கிறது. அதில் இரண்டு வகைக் கொடி பின்னிக் கிடக்கும். ஒன்றில் சிவப்பும் மஞ்சளுமாக நெருப்புப் போலப் பூ இருக்கும். அது கார்த்திகைப் பூ. அதன் கிழங்கு விஷம், கை வைக்கக் கூடாது. பூ இல்லாமல் இலை பழுத்து மஞ்சளாக நிற்பது காட்டு வள்ளி. அதன் அடியில் கொத்தினால் கிழங்கு இருக்கும். பூ இருந்தால் விட்டுவிடு, பூ இல்லாவிட்டால் எடு. இவ்வளவுதான் பாடம்.

கழுவி, உப்புப் போட்டு வேகவைத்து, வெல்லம் தொட்டுத் தின்ன வேண்டும். பெரியவர்கள் அடுப்பிடம் வரக்கூடாது, அப்போதுதான் அது கூட்டாஞ்சோறு.

இதற்கு மாணிக்கவேலைக் கேட்க வேண்டியதில்லை. விளக்குச் சூளை எரியும் சமயத்தில் அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள். காளான் அவனுடைய பாடம். இந்த வேலி என்னுடையது. பட்டாளத்தில் சேரும்வரை ஒவ்வொரு வருடமும் ஐப்பசி முதல் வாரம் அங்கே தோண்டியிருக்கிறேன்.

ஐப்பசி பிறக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் பத்து, பன்னிரண்டு நாளில் வந்துவிடும். சரியான நேரம்.

உங்கள்
திருமால்


காவல் நிலை
18 நவம்பர்

அன்புள்ள நீலாவதிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? இங்கே ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை, ஐந்து வாரமாக ஹெலிகாப்டர் வரவில்லை என்பதைத் தவிர. பனிப்புயல். இன்றுதான் வானம் திறந்திருக்கிறது. அக்டோபர் 12-இல் நான் எழுதிய கடிதம் இன்னும் இந்தத் தபால் பையிலேயே கிடக்கிறது. அதுவும் இதுவும் சேர்ந்துதான் உனக்கு வரும்.

ஐப்பசி போய்விட்டது. பரவாயில்லை. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை அனுப்பு. தாமதமானதில் கிழங்கு இன்னும் பருத்துத்தான் இருக்கும்.

மழையில் போகும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்ளச் சொல். அவசரமாக முடிக்கிறேன், ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது.

திருமால்


விருத்தாசலம்
20 டிசம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதங்கள் இரண்டும் நவம்பர் 28 அன்று வந்தன. உடனே பதில் எழுத முடியவில்லை. விளக்கு வேலை. பிறகு மழை. தீபம் முடிந்தது.

கார்முகிலுக்கு இந்த மாதம் உடம்பு கொஞ்சம் சரியில்லாமல் இருந்தது. இப்போது சோறு தின்கிறாள். கொளஞ்சியப்பர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு அவளுக்கு மொட்டை போட்டிருக்கிறேன். திரும்பி வந்து பார்க்கும்போது வளர்ந்திருக்கும்.

அரையாண்டுப் பரீட்சையில் பாதி எழுதவில்லை. இனிமேல் கொஞ்ச நாளைக்கு அவளுக்கு வேலை எதுவும் எழுத வேண்டாம். எனக்கு எழுதுங்கள்.

குளிரில் காவலுக்கு நிற்கும்போது வேறு எதையும் நினைக்காமல் கவனமாக இருங்கள். இதை எனக்காகச் செய்யுங்கள்.

நீலாவதி


காவல் நிலை
4 ஜனவரி

அன்புள்ள நீலாவதிக்கு,

நான் சுகமே. உன் கடிதத்தை வாசித்த பிறகு உங்களைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

என்ன காய்ச்சல் அது? எந்த டாக்டர் பார்த்தார்? ஐந்து வயதில் மொட்டை போட்டபோது, 'இனி என் பொண்ணு தலையில யாரும் கத்தி வெக்கக் கூடாது' என்று சொன்னவள் நீ. இப்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி வேண்டிக்கொண்டாய்?

கிழங்கைப் பற்றி ஒரு வரியும் இல்லையே. போனார்களா? கிடைத்ததா? நிலவன் நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பான். அவன் சொன்னதை எழுது. மாணிக்கவேலுக்குப் புத்தாண்டு வாழ்த்து போட்டிருந்தேன். எப்போதும் ஒரு வரியாவது எழுதிப் போடுவான், இந்த முறை அதுவும் வரவில்லை.

பொங்கலுக்கு என் பங்குக் கரும்பை நிலவனிடம் கொடு.

திருமால்


விருத்தாசலம்
20 ஜனவரி

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கார்முகிலுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் போய் வருகிறாள். அதிகம் பேசுவதில்லை. டீச்சர், வளரும் பிள்ளைகள் சில சமயம் அப்படி இருக்கும் என்றார்.

தெருவில் ஒரு சாவு. அதனால் நாங்கள் பொங்கல் வைக்கவில்லை.

காசி அக்கா கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியிருக்கிறார். ஜனவரி எட்டாம் தேதி நானும் கூடப் போய் வந்தேன். குறையைத் தாளில் எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, முனியப்பர் வேலில் கட்டினோம். தொண்ணூறு நாளில் சாமி விசாரித்துப் பதில் சொல்லிவிடும் என்கிறார்கள். மனுவைத் திரும்பப் பெற வேண்டுமானால் அங்கேயே ராஜினாமா எழுத வேண்டுமாம். நெய்வேலியில் வளர்ந்ததால் எனக்கு இதெல்லாம் புதிது.

உங்களுக்குக் கம்பளிச் சாக்ஸ் இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

நீலாவதி


காவல் நிலை
2 பிப்ரவரி

நீலாவதிக்கு,

சாக்ஸ் வந்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், இனி அதைக் கேட்காதே. நான் கேட்பதற்குப் பதில் சொல்.

தெருவில் செத்தது யார்? நம் தெருவில் பதினாறு வீடு. எல்லாருடைய பெயரும் எனக்குத் தெரியும். நீ பெயரை எழுதவில்லை.

போன கடிதத்தில் நான் நிலவனைக் கேட்டேன். உன் கடைசி இரண்டு கடிதத்திலும் அவன் பெயரே இல்லை.

காசியம்மாள் எதற்காகப் பிராது கட்டினார்?

நான் ஒன்பது வருடமாகப் பட்டாளத்தில் இருக்கிறேன். என்னிடம் ஒன்றை மறைத்தால் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் விளக்கு, விளக்கு என்று ஷெட்டுக்குப் போனாய். அந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஆற்றுக்குப் போனார்களா? உன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்தேனே, நீலா. நீ என்ன செய்தாய்?

திருமால்


விருத்தாசலம்
15 பிப்ரவரி

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இதை வாசிக்கும்போது நீங்கள் காவலில் இருக்கக் கூடாது. காவல் முடிந்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது வாசியுங்கள். அப்படி இல்லையென்றால் இப்போதே மடித்துவிடுங்கள்.

நிலவன் இறந்துவிட்டான். டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை காலை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நவம்பர் 28 உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. 30-ஆம் தேதி சனிக்கிழமை மாலை இருவரையும் உட்காரவைத்து நான்தான் வாசித்துக் காட்டினேன். நிலவன் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டான். 'பூ இருந்தால் விடு. பூ இல்லாவிட்டால் எடு.' நீங்கள் எழுதிய அதே வார்த்தை.

மாணிக்கவேல் அண்ணன் சனிக்கிழமையிலிருந்து சூளையில் இருந்தார். கேட்க வேண்டியதில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததால் நான் கேட்கவில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்குக் களைக்கொத்தை எடுத்துக் கொடுத்து அனுப்பியதும் நான்தான். அதற்குப் பிறகு நானும் காசி அக்காவும் ஷெட்டுக்குப் போனோம். லாரி நின்றுகொண்டிருந்தது.

வேலியில் ஒரு பூவும் இல்லை. எல்லாக் கொடியும் மஞ்சளாக இருந்ததாம். அவர்கள் எட்டு கிழங்கு தோண்டினார்கள். கலப்பை மாதிரி வளைந்து இருந்ததால், துப்பாக்கி என்று சொல்லி வழியெல்லாம் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பின்பக்கம் அடுப்பு வைத்து வேகவைத்தார்கள். கார்முகில் ஒரு கடி கடித்து, கசக்கிறது என்று துப்பிவிட்டு, அப்புறம் பாதி தின்றிருக்கிறாள். நிலவன் அவளிடம் சொன்னானாம்: “சித்தப்பா சொன்ன கெழங்குடி. வெல்லத்த நெறையத் தொட்டுக்க.” அவன் மூன்று தின்றான். எனக்கும் காசி அக்காவுக்கும் நாலு எடுத்து மூடி வைத்திருந்தார்கள்.

நாங்கள் திரும்பியபோது இருவரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூடி வைத்திருந்த கிழங்கை டாக்டர் கொண்டுவரச் சொன்னார். பார்த்ததும், “இது கார்த்திகைப் பூவோட கெழங்கும்மா” என்றார். பூ இல்லையே சார் என்று நான் சொன்னேன். “பேருதான் கார்த்திகைப் பூ, இந்த வருஷம் மழை முந்துனதால பூத்து முடிஞ்சிருக்கும். இந்த மாசம் அந்தக் கொடியும் பழுத்துதான் நிக்கும்” என்றார். அன்றைக்கே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். கார்முகில் பிழைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து முடி கொட்டும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். பதின்மூன்றாம் தேதி சீப்பில் கொத்தாக வந்தது. மீதியை நான் மழித்தேன். வேண்டுதல் எதுவும் இல்லை.

நிலவனின் சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிக் கொடுத்தபோது யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தை அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். போலீஸ் கேட்டபோது பிள்ளைகள் விளையாட்டாகத் தோண்டியது என்றேன். கார்முகிலிடம், அப்பா கடிதம் எழுதியதை யாரிடமும் சொல்லாதே என்றேன். அதிலிருந்து அவள் எதையுமே சொல்வதில்லை. அப்பா என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை.

நீங்கள் துப்பாக்கியோடு தனியாக நிற்கிற இடத்தில் இந்தச் செய்தி வந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

மாணிக்கவேல் அண்ணன் யாரையும் திட்டவில்லை. சூளை வேலைக்குப் போகிறார். போகிற வருகிற ஆட்களிடம் ஒன்றையே கேட்கிறார்: “ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருக்கலாமே. ஏன் கேக்கல?” எனக்குப் பதில் தெரியும். நான் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. என் பிள்ளைக்கு யாரோ அந்த வேலியைக் காட்டியிருக்கிறார்கள் என்று காசி அக்கா நம்புகிறார். அது யார் என்று கேட்டுத்தான் பிராது. அவருக்கு எழுதத் தெரியாது. தாளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். 'யாரென்று தெரியாத ஒருவர் சொல்லி என் மகன் நிலவன் விஷக் கிழங்கைத் தோண்டித் தின்று இறந்துபோனான், அந்த ஆளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்' என்று அவர் சொல்லச் சொல்ல, அதை எழுதியது நான். இந்தக் கையால்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். இதுதான்.

நீலாவதி


காவல் நிலை
1 மார்ச்

மாணிக்கவேலுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

பிப்ரவரி 25 நீலாவதியின் கடிதம் வந்தது. நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. என்னைக் காவலிலிருந்து எடுத்துச் சமையல் வேலையில் போட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டார்கள். நான் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

காசியம்மாள் தேடும் ஆள் நான்தான்.

அக்டோபர் 12-இல் நான் பிள்ளைகளுக்கு எழுதினேன். மதகைத் தாண்டி இடப்பக்கத்து வேலி. பூ இருந்தால் விடு, பூ இல்லாவிட்டால் எடு. இதுதான் நான் சொல்லிக்கொடுத்தது. ஐப்பசி முதல் வாரத்தில் அது சரி, அப்போது ஒன்றில் பூ இருக்கும், மற்றதில் இருக்காது. கடிதம் முப்பத்தேழு நாள் பையில் கிடந்தது. அது எனக்குத் தெரியும். நவம்பர் 18-இல் இன்னொரு கடிதம் எழுதினேன். அப்போதாவது, பூ உதிர்ந்திருக்கும், போகாதீர்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கிழங்கு இன்னும் பருத்திருக்கும், அனுப்பு என்று எழுதினேன். கிழங்கு எந்த வடிவத்தில் இருக்கும் என்று இரண்டிலும் எழுதவில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. சொல்லத் தோன்றவில்லை.

ஏன் உன்னைக் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் கேட்கிறாயாம். மாணிக்கவேலைக் கேட்க வேண்டியதில்லை என்று நான் எழுதியிருந்தேன். இந்த வேலி என்னுடையது என்று எழுதினேன். பிள்ளைகள் முன்னால் எனக்கும் ஒரு பாடம் இருக்க வேண்டும் என்ற ஆசை. வேறு காரணம் இல்லை.

நீலாவதி மறைத்தது என் உயிருக்குப் பயந்து. அவளை நான் தப்பாக நினைத்து எழுதினேன், அதற்காக அவளுக்குத் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். என் கடிதங்கள் எங்கள் வீட்டு அரிசி டிரம்மில் இருக்கின்றன. வாங்கி வாசி. காசியம்மாளுக்கும் வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விட வேண்டாம்.

மார்ச் 30 கீழே இறங்குவேன். அதற்குமேல் நீ சொல்கிறபடி.

திருமால்


விருத்தாசலம்
18 மார்ச்

திருமாலுக்கு மாணிக்கவேல் எழுதுவது.

உன் கடிதம் பதிமூன்றாம் தேதி ஷெட் விலாசத்துக்கு வந்தது. சூளை எரிந்துகொண்டிருந்தது. அங்கேயே நின்று வாசித்தேன். உள்ளே என்ன வைத்தேன் என்பதே மறந்துபோயிற்று. முதலாளி வந்து தோளைப் பிடித்து உலுக்கினார்.

சாயங்காலம் நீலாவதியிடம் போய் டிரம்மில் இருப்பதைக் கொடு என்றேன். அவள் மறுக்கவில்லை. நிலவன் எழுதிய சீட்டையும் சேர்த்துக் கொடுத்தாள். அதை நான் இன்னும் விரிக்கவில்லை. உன் இரண்டு கடிதத்தையும் காசியம்மாளுக்கு வாசித்தேன். முடிந்ததும் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அடித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

“நீலா, அன்னைக்கு பிராது எழுதுறப்ப ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியுங்கக்கா.”

“தெரிஞ்சேதான் 'யாருன்னு தெரியாத ஆளு'ன்னு எழுதுனியா?”

“ஆமாங்கக்கா.”

காசியம்மாள் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு, “பேனாவ எடு” என்றாள்.

திங்கட்கிழமை கோயிலுக்குப் போனோம். கட்டியதில் திருத்த முடியாது, பழைய மனுவை ராஜினாமா எழுதி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் எழுத வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மண்டபத்தில் உட்கார்ந்து நீலாவதி எழுதினாள். திருமால், தகப்பனார் ராஜமாணிக்கம், பட்டாளத்து நம்பர் இன்னது என்று எழுதினாள். காசியம்மாள், “அதுக்கு கீழ ஒம் பேர எழுது” என்றாள். அவள் தன் பெயரையும் எழுதினாள்.

கார்முகில் கூட வந்திருந்தாள். மூன்றரை மாதமாக எங்கள் யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை. தாளை எட்டிப் பார்த்துவிட்டு, “பெரிம்மா, எம் பேரு எழுதலியா? நான்தான் கொத்துனேன். நிலவன் மண்ணத்தான் தள்ளுனான்” என்றாள். அவ்வளவு கூட்டத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது.

காசியம்மாள் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “ஒம் பேரு வேணாம்டி. ஒம் பேரு இதுல இல்ல” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நிலவன் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அந்தப் பெண்ணும் அழுதாள். தலையில் முடி ஒரு விரல்கடை முளைத்திருக்கிறது.

தாளை வேலில் கட்டியது நான்.

மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நீ வராதே. காசியம்மாள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னை முன்னால் நிறுத்தி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்கிறாள். என்ன கேள்வி என்று என்னிடமும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அதற்கு நீ வந்தாக வேண்டும். வருவதற்குள் உன்னை நீ ஏதும் செய்துகொண்டால், அவள் யாரைக் கேட்பாள்? இதை மட்டும் யோசித்துக்கொள்.

எந்த ரயில் என்று கீழே இறங்கியதும் போன் செய். ஜங்ஷனுக்கு நான் வருகிறேன்.

மாணிக்கவேல்